கினிகத்தேனையில் திரும்பிய அண்ணனுக்கு

என் உசிருக்குச் சமமான சந்திரண்ணே,

நீ போய் ஒரு வருஷம் ஓடிவிட்டது. நேற்று உனக்குத் திவசம் கொடுத்தோம். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். திவசத்துக்கு யாராவது கருவாடு வைப்பார்களா என்று சடங்கு செய்ய வந்த பண்டாரம் முகம் சுளித்தார். என் பிள்ளைக்கு அதுதான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு அம்மா பாட்டுக்கு இலையில் ஊற்றினாள்.

உனக்கு ஒரு சேதி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அப்பா வாயைத் திறந்துவிட்டார். எதைப் பற்றி என்று உனக்குத் தெரியும். ஆனால் இதை மற்றவர்களும் வாசிப்பார்கள், அவர்களுக்கும் விளங்க வேண்டும். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

அப்பா எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. விடிந்ததும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்புகிறவர். அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்து பிரஜாவுரிமை வாங்கினார். அது கையில் இருந்ததால்தான் நீ விமானப்படைக்கு மனுப்போட முடிந்தது. விமானம் ஓட்டப் படிக்க உன்னை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த அன்றைக்கு அப்பா வட்டகொடைக் கடைவீதி முழுக்கத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு பெருமை. பிறகு வந்த வினையும் அந்தப் பெருமையால்தான்.

லீவில் வந்தால் நீ குசினிப் பலகையில் உட்கார்ந்து அகப்பையை விமானத்தின் பிடி மாதிரி இரண்டு முழங்காலுக்கும் நடுவில் பிடித்துக்கொள்வாய். நான் எதிரே நின்று கேள்வி கேட்க வேண்டும். விமானத்தைச் சுற்றி வந்தாயா? பெற்றோலை அடியில் வடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தாயா? வார் இறுக்கமா? பிடி எல்லாப் பக்கமும் தடையில்லாமல் போகிறதா? வாயால் சொன்னால் உனக்குப் போதாது, ஒவ்வொன்றையும் தொட்டாக வேண்டும். பெண் பார்க்கப் போகிறவன்கூட இப்படிச் சுற்றிச் சுற்றிப் பார்க்க மாட்டான் என்று நான் சொன்னதற்கு, அகப்பையாலேயே ஒரு போடு போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா?

கிளம்பிய உடனே இயந்திரம் நின்றுவிட்டால் விமானத் திடலுக்குத் திரும்பப் பார்க்காதே, மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு எதிரே கிடைக்கிற இடத்தில் இறங்கு என்றாய். மலைக்குள் போனால் மட்டும் வேளையோடு திரும்பிவிடு என்றாய். இதென்ன, ஒரு தரம் திரும்பாதே, ஒரு தரம் திரும்பு என்று நான் சண்டைக்கு வந்தேன். உயரமும் வேகமும் இல்லாதவன் திரும்பினால் அப்படியே விழுவான், இரண்டும் இருக்கும்போதே திரும்புகிறவன் வீட்டுக்கு வருவான் என்று நீ பொறுமையாகச் சொன்னாய். எனக்கு அது விளங்கியது. தோட்டத்தில் வேறு யாருக்கும் விளங்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். தனியாகப் பறக்கிற பயிற்சியில் உன் வழி மேற்கிலிருந்து கினிகத்தேனைக் கணவாய் வழியாக எங்கள் மலைக்கு மேலே வந்து திரும்புவதாக இருந்தது. அதை நீ வீட்டுக்கு எழுதினாய். அப்பா விட்டாரா? தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய்க் கொழுந்து எடுப்பை ஒரு மணிநேரம் நிறுத்தி வைக்கக் கேட்டார். பெண்கள் திருவிழாச் சேலையில் வந்தார்கள். தப்புக்காரர்கள் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சினார்கள். தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் இருந்த பிள்ளைகளையெல்லாம் நான் களத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். அம்மா கையில் ஆரத்தித் தட்டு.

எங்களுக்கு மேலே பளிச்சென்று வெயில். எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். நீ வரவில்லை. துரை கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார். அப்பா ஆட்களை மலைக்கு ஏறச் சொன்னார். கரைத்த ஆரத்தியை வீணாக்கக் கூடாது என்று அம்மா வெறும் வானத்தைப் பார்த்துச் சுற்றிவிட்டு முச்சந்தியில் கொட்டினாள்.

அடுத்த லீவுக்கு நீ வந்தபோது அப்பா உன் முகத்தைப் பார்க்கவில்லை. கினிகத்தேனைக் கணவாயை மேகம் அடைத்திருந்தது, அதனால் திரும்பிவிட்டேன் என்று நீ சொன்னாய். இங்கே வெயில் அடித்ததே என்று அப்பா சுவரைப் பார்த்துக் கேட்டார். எங்கள் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான் பேசினார்கள். மேற்கே மழைக்காலம், மலைக்கு இந்தப் பக்கம் வெயில் என்பது ரயிலில் போய் வருகிற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தலைக்கு மேலே தெரிகிற வானத்தைத்தான் நம்பினார்கள்.

நீ இரண்டு கையையும் மலைகளாக நிறுத்தி எனக்குக் காட்டினாய். பள்ளத்தாக்கின் நடுவில் போகாமல் ஒரு மலையோரமாகவே வந்தாயாம். அப்போதுதான் திரும்புவதற்கு மற்றப் பக்கம் முழுவதும் இருக்குமாம். மேகத்துக்குள் போய்விட்டால் உடம்பே ஏமாற்றும், நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே சரிவோம் என்றாய்.

"போறதுக்கு எடம் இருக்கான்னு நான் பாக்கல, பூமணி. திரும்புறதுக்கு எடம் இருக்கான்னுதான் பாத்தேன். கணவாய்க்குக் கீழ பொல்பிட்டிய தாண்டுனதும் அது கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு."

உள் அறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "பயந்தாங்கொள்ளிக்கு எதுக்கு இந்த வேலை?"

அதற்குப் பிறகு அப்பா உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. படிப்பு முடிந்து நெஞ்சில் இறக்கைச் சின்னத்தோடு வந்து நின்றாய், அப்போதும் பேசவில்லை. ஒரு வருஷம் கழித்துக் கடைசியில் உன்னைக் கொண்டுபோனது விமானம்கூட இல்லை, பாழாய்ப்போன மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் அப்பா உன் கால்மாட்டில் உட்கார்ந்தே இருந்தார். ஏன் அப்போதாவது பேசவில்லை என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

நீ போன பிறகு நடந்ததுதான் கொடுமை. பிளேன் விழுந்து நீ செத்தாய் என்று லயத்து வீடுகளில் பேச ஆரம்பித்தார்கள். அது பெரிய சாவாம். காமாலையில் சாகிறது எல்லோருக்கும் வருகிற சாவாம். கதை அடுத்த தோட்டத்துக்குப் போவதற்குள் விமானம் தீப்பிடித்தே எரிந்துவிட்டது. அப்பா கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். அதோடு விட்டாரா? யாராவது கேட்டால் லேசாகத் தலையையும் ஆட்டினார். பயந்து திரும்பினவனின் அப்பாவாக இருப்பதைவிட அது அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். எனக்குத்தான் வயிறு எரிந்தது. ஓட்டிய ஒவ்வொரு விமானத்தையும் நீ கீறல் படாமல் கொண்டுவந்து நிறுத்தினாயே அண்ணே! அதை உன்னிடமிருந்து பிடுங்க இவர்கள் யார்? சொல்லிச் சொல்லி எல்லோரோடும் சண்டை போட்டேன். அப்பாவே மறுக்காதபோது என் பேச்சை யார் கேட்பார்கள்?

நேற்றுச் சாப்பாட்டுக்குத் தோட்டத்து ஆட்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். ஃபேக்டரிக்குப் புதிதாக வந்திருக்கிற டீமேக்கரும் வந்தார். மாலை போட்ட உன் படத்தைப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் விமானம் விழுந்தது என்று அப்பாவிடம் மரியாதையாகக் கேட்டார். நான் குழம்புச் சட்டியோடு அப்படியே நின்றேன். அப்பா தலையை ஆட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்பா இலையில் இருந்து கையை எடுத்தார்.

"விழலீங்க ஐயா. என் மகன் பிளேன விழ வுடல. கினிகத்தேனையில மேகம் அடைச்சிருந்துச்சு, புத்தியா திருப்பிக்கிட்டுப் போயிட்டான். காமாலையிலதான் செத்தான். மேகத்துக்குள்ள வந்திருந்தா அந்த ஒரு வருசம்கூட எனக்கு அவன் இருந்திருக்க மாட்டான். இருந்த அந்த வருசத்த, பேசாமலே நான் போக்கிட்டேன்."

அப்பா எழுந்து உன் படத்துக்கு முன்னால் போய், "சந்திரா" என்று கூப்பிட்டார். அவ்வளவுதான். உனக்குக் கேட்டதா அண்ணே?

இனிமேல் யார் எந்தக் கதை கட்டினாலும், நீ விமானத்தோடு வீட்டுக்குத் திரும்பியவன் என்று சொல்ல நான் இருக்கிறேன். நீ கவலைப்படாதே. அப்பாவோடு தினமும் நான் பேசுகிறேன், உன் பங்கையும் சேர்த்து.

உன் அகப்பை அடிக்குத் தப்பாத தங்கச்சி,
பூமணி