வானத்தைச் சுத்தம் செய்தவர்

ஸ்ரீரங்கம்
ஐப்பசி, 1961

சிரஞ்சீவி வரதுவுக்கு,

இல்லை, என்மேல் இடி விழவில்லை. நாலு வயல் தள்ளி ஒரு பனைமரத்தின்மேல் விழுந்தது. அப்பா உனக்கு எழுதும்போது அந்த நாலு வயலை விட்டுவிட்டார். பனைமரம் நீங்கலாக இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்குத் தும்மல் மட்டும் நிற்கவில்லை. கஷாயம் கொடுத்தால் என்னைப் பார்த்துக்கொண்டே குடிக்கிறார், நான்தான் மழையை வரவழைத்தேன் என்பதுபோல. அடுத்த வாரம் கான்பூர் வரும் ஸ்ரீனிவாசராகவன் மாமா கையில் உன் காமிராவைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறாய். காமிரா இல்லாவிட்டால் அம்மா புயலில் போய் நிற்கமாட்டாள். உன் கணக்கு சரிதான். அதனால்தான் பயந்துபோய் எழுதுகிறேன்.

துறையூரில் கல்யாணம். சாப்பாடு முடிந்ததும் பச்சைமலை அடிவாரத்துக்கு ஒரு பஸ் போகிறது என்றார்கள். ஏறிவிட்டேன். "ஏண்டி பூமா, மலை எங்கேயாவது ஓடிப்போயிடுமா?" என்று கேட்டுக்கொண்டே அப்பாவும் ஏறினார். மலை ஓடாது. வெளிச்சம் ஓடும். இறங்கியபோது மலைக்குப் பின்னால் முழுக்க மை. மேற்கே, மேகத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் விரற்கடை இடைவெளி. அதன் வழியே வெயில் வந்து மரவள்ளிக் கொல்லைமேல் மட்டும் விழுந்தது. கறுப்பின்மேல் மஞ்சள். அதற்குமேல் எழுதத் தெரியவில்லை, அதற்குத்தான் காமிரா. கொல்லைக்காரி வெள்ளையம்மாள் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்து பார்த்தாள். "ஏங்க, பொண்ணு மாப்புள்ள யாருமே இல்லீங்களே, வெறும் மானத்தப் புடிச்சு யாருக்குங்க குடுக்கப் போறீங்க?" என்றாள். உனக்கு என்று சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை. மழை பிடித்துக்கொண்டது. காமிராவை இடுப்பளவில் பிடித்து, குனிந்து, அந்தச் சின்னக் கண்ணாடியில் மலையைத் தேடிக்கொண்டிருந்தேன். லென்ஸ் நனைந்தால் போயிற்று. சட்டென்று மழை விட்டது. அமுக்கினேன். நிமிர்ந்து இரண்டடி வைத்தேன், மறுபடி கொட்டிற்று. பெருமாள் என் கட்சி என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தொப்பலாக நனைந்து நின்றார். கையில் விரித்த குடை. குடையை வைத்துக்கொண்டு இப்படி நனைவார்களா என்று கேட்டேன். "காத்துடி" என்றார்.

நான் ஏன் அங்கே நின்றேன் என்பதை உனக்குக் காட்ட என்னிடம் இருந்தது அந்த ஒரு படம்தான். கோட்டை பக்கத்தில் சவரிராயன் ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தேன். கல்யாணப் படங்களில் பெண்ணின் முகத்திலிருந்து அம்மைத் தழும்பை எடுத்துவிடுவாரே, அவர்தான். வாங்கிப் பார்த்தால் மலை இருக்கிறது, கொல்லை இருக்கிறது, வானம் இல்லை. வெள்ளை வேட்டி விரித்ததுபோல் வெறும் வெளுப்பு. "மானம் ஒரே அழுக்கா இருந்துச்சுங்கம்மா. மேல் ஓரத்துல வேற கறுப்பா ஒரு கறை. டச்சிங் பண்ணி சுத்தமா எடுத்துட்டேன். ஒரு நிலா வேணும்னாலும் வெச்சுத் தரேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. நெகட்டிவில் பூசியதைத் துடைத்து மறுபடி அச்சுப் போடச் சொன்னேன். "அழுக்குதான் வேணும்னு கேட்ட மொத ஆளு நீங்கதாங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் ஈரப்பஞ்சால் மெல்லத் துடைத்தார். மேகம் வந்தது. கறையும் வந்தது.

கறை இல்லை, வரது. வளைவு. அதன் நுனியில் ஒரு கம்பி, கம்பியிலிருந்து ஒரு சொட்டு. அப்பாவின் குடை. மழை விடவே இல்லை. எனக்கு மட்டும்தான் விட்டிருந்தது.

இடிக்குப் பயந்து உனக்கு நாலு பக்கம் எழுதிய மனிதர், இடி விழும் வெளியில் இரும்புக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதைப் பற்றி உனக்கு ஒரு வரி எழுதினாரா? என்னிடமும் சொல்லவில்லை. படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "குடை வந்து கெடுத்துடுத்தே" என்றார். இல்லை என்றேன். தும்மினார்.

ஆகவே மாமா கையில் காமிரா வராது. இரண்டு படங்கள் வரும், சுத்தமானதும் அழுக்கானதும். பார்த்த பிறகும் காமிரா வேண்டும் என்று எழுதினால் அனுப்பிவிடுகிறேன், பொருள் உன்னுடையது. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். மப்ளரைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் காதில் கட்டு. பெருமாள் உன்னை நனையாமல் பார்த்துக்கொள்ளட்டும். அப்பாவுக்கு எழுதும்போது குடையைப் பற்றிக் கேட்காதே, வெட்கப்படுவார்.

அன்புள்ள அம்மா,
பூமா

பி.கு. காற்றில் குடைத்துணி இரண்டு இடத்தில் கம்பியை விட்டிருக்கிறது. கடித உறையை ஒட்டுமுன் குடையை எடுத்துவந்து தைத்தேன்.