டீ குடிக்காத மாப்பிள்ளை

21 ஜனவரி 2025, செவ்வாய்

காலையில் சூளையைத் திறந்தோம். கப்புகள் இந்தத் தடவை அருமையாக வந்திருக்கின்றன. ஒரு கைப்பிடிகூடக் கழன்று விழவில்லை. கொளஞ்சி ஒரு கப்பை எடுத்துச் சுண்டிப் பார்த்துவிட்டு, "மொதலாளி, மணி மாதிரி கேக்குது பாருங்க" என்றான். என் பட்டறையில் சூளை பார்க்க வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இன்னும் ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்கிறான். அந்தச் சூட்டோடு புதுக் கப்பிலேயே எல்லோருக்கும் டீ ஊற்றச் சொன்னேன்.

சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து இனியா போன். ஒரு வாரமாக "ஒரு விஷயம் சொல்லணும்ப்பா" என்று இழுத்துக்கொண்டிருந்தவள் இன்று சொல்லிவிட்டாள். பையன் பெயர் அன்புச்செல்வன். இவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே ஸ்கேன் மெஷின்களைப் பழுது பார்க்கிறானாம். அப்பா அம்மாவுக்குப் பூர்வீகம் நம் மாவட்டத்து மங்களூர் பக்கம்தானாம்.

"கிறிஸ்தவங்கதான?" என்று கேட்டேன்.

"ஆமாம்ப்பா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மார்மன் சபை."

அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேன். சென்னையில் ஒரு தடவை வெள்ளைச் சட்டையும் டையும் கட்டிய இரண்டு வெள்ளைக்காரப் பையன்களைப் பார்த்தேன், சட்டையில் பெயர் எழுதிக் குத்தியிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

போனை வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொன்னாள். "அவங்க வூட்ல டீ, காபி குடிக்க மாட்டாங்கப்பா. சபை வழக்கம்."

நான் டீ கப் செய்து பிழைக்கிறவன். கர்த்தாவே, இது என்ன விளையாட்டு?

22 ஜனவரி, புதன்

எனக்குத் தூக்கமில்லை. சொர்ணம் நன்றாகத் தூங்கினாள். "பையன் நல்லவனான்னு மொதல்ல பாருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என் பெண்டாட்டிக்கு எல்லாம் சுலபம்.

26 ஜனவரி, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஆயரைத் தனியாகப் பிடித்தேன். பொறுமையாகத்தான் சொன்னார். அவர்களும் இயேசுவே இரட்சகர் என்கிறார்கள், சபையின் முழுப் பெயரிலேயே இயேசு கிறிஸ்து வருகிறது. ஆனால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்று நாம் சொல்லும் அர்த்தத்தில் அவர்கள் சொல்வதில்லை, மூவரும் தனித்தனி என்கிறார்கள். நம் வேதத்தோடு இன்னொரு புத்தகத்தையும் வேதமாக வைத்திருக்கிறார்கள். இருநூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் ஒரு தீர்க்கதரிசி வந்தார் என்று நம்புகிறார்கள்.

"கிறிஸ்தவங்களா, இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லுங்க ஐயா."

"ஒரே வார்த்தையில சொல்ற விஷயமா இருந்தா நான் எதுக்குத் தங்கதுரை அத்தன வருஷம் படிச்சேன்?"

வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். விசுவாசப் பிரமாணத்தைச் சின்ன வயதிலிருந்து ஞாயிறு தவறாமல் சொல்கிறேன். மூன்று பேர் எப்படி ஒருவர் என்று யாராவது நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டால் எனக்கு இருமல்தான் வரும். அந்தப் பையனை மட்டும் எந்த முகத்தோடு கேட்பேன்?

வரும் ஞாயிறு பெண் பார்க்க வரச் சொல்லியிருக்கிறோம். நேரில் பார்த்துவிடலாம்.

2 பிப்ரவரி, ஞாயிறு

முடிந்தது. எல்லாம் போச்சு.

மூன்று மணிக்கு வந்தார்கள். பையன், அப்பா கலியமூர்த்தி, அம்மா பானுமதி. பையன் நல்ல உயரம், சிரித்த முகம். சொர்ணம் காலையிலிருந்து அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. டீ காபி இல்லையென்று தெரிந்து பாதாம் பால் காய்ச்சியிருந்தாள், கேசரி, பஜ்ஜி, ராத்திரிக்குப் பிரியாணி. என் தங்கைகள், மச்சான் வீட்டார் என்று கூடம் நிறைய ஆள்.

தட்டை நீட்டினால் மூன்று பேரும் ஒரே மாதிரி, "பரவால்லீங்க, இருக்கட்டும்" என்றார்கள். பாலைத் தொடவில்லை. கேசரியைத் தொடவில்லை. தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார்கள். பெண் பார்க்க வந்த வீட்டில் கை நனைக்காமல் போனால் என்ன அர்த்தம்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பெண் பிடிக்கவில்லை, சம்பந்தம் வேண்டாம்.

அவர்கள் கிளம்பும்போது ஜெபம் பண்ணினேன். கண்ணைத் திறந்து பார்த்தால் மூன்று பேரும் கையை மார்போடு கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் பக்கம் எல்லோரும் கைகூப்பி நிற்க, அவர்கள் மட்டும் அப்படி. அது என்ன கோபம்? நாங்க என்ன தப்பு பண்ணோம்? எம் பொண்ணுக்கு என்ன கொறச்சல்?

இனியா அவர்களை பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் கொண்டுவிடப் போயிருக்கிறாள். சொர்ணம் கேசரிச் சட்டி முன்னால் உட்கார்ந்து அழுகிறாள். பிரியாணி ஆறிக்கொண்டிருக்கிறது.

அதே நாள், விளக்கு வைத்த பிறகு

இனியா திரும்பி வந்து அம்மாவைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"அப்பா, இன்னக்கி மாசத்தோட மொத ஞாயித்துக்கெழம. அவங்க சபையில எல்லாரும் உபவாசம். சாயங்காலம் வரைக்கும் தண்ணி கூடக் கெடயாது. அந்தச் சாப்பாட்டுக் காச இல்லாதவங்களுக்குக் கொடுத்துடுவாங்க. நாள் பாக்காம ஞாயித்துக்கெழம வாங்கன்னு சொன்னதே நீங்கதான்."

"அத வாயத் தெறந்து சொல்லக் கூடாதா?"

"அவருதான் சொல்லாதன்னு கண்ணக் காட்டுனாரு. உபவாசத்த ஊருக்குத் தெரியிற மாதிரி காட்டிக்கக் கூடாதாம்ப்பா."

கை கட்டியதும் கோபமில்லையாம். அவர்கள் ஜெபம் பண்ணும் விதமே அப்படித்தானாம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி, மரியாதைக்கு.

சொர்ணம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதானே பாத்தேன், எவ்ளோ அடக்கமா நின்னாங்க!" என்றாள். கொஞ்ச நேரம் முன்னால் திமிர் பிடித்தவர்கள் என்று சொன்னதும் இவள்தான்.

பஸ்ஸில் பசியோடு போய்க்கொண்டிருப்பார்கள் என்று நினைத்ததும் எனக்கு மனசு இளகிவிட்டது. உபவாசம் இருக்கிறவன் முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஞாயிறுபள்ளியில் வருஷாவருஷம் நான்தான் பாடம் எடுக்கிறேன். லெந்துக் காலத்து நோன்பு நாற்பது நாளும் கறி சாப்பிடுவதில்லை என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருகிறவனும் நான்தான். அந்த மூன்று பேரும் எங்கள் பஜ்ஜி வாசனைக்கு நடுவில் சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தார்கள்.

பிரியாணியை நாங்கள் மூன்று பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம்.

15 பிப்ரவரி, சனி

அன்புச்செல்வன் தனியாக வந்தான். "அன்னக்கி சாப்புடாமப் போயிட்டேன், அத்த மனசு கஷ்டப்பட்டாங்கன்னு இனியா சொன்னாங்க. அதான் சாப்புடவே வந்தேன் மாமா." மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். சொர்ணம் அவன் பக்கம் சாய்ந்துவிட்டாள், இனி அவளை நகர்த்த முடியாது.

பிறகு பட்டறைக்கு வந்தான். சும்மா நிற்கவில்லை. கொளஞ்சியிடம் கேட்டு ஈரக் கப்புகளுக்குக் கைப்பிடி ஒட்டினான். முதல் நாலைந்து கோணிக்கொண்டன, அப்புறம் கை படிந்துவிட்டது. "டீயே குடிக்காத தம்பி டீ கப்புக்குக் கைப்பிடி வைக்குது" என்று கொளஞ்சி சொல்லிச் சிரிக்க, பையனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

கொளஞ்சி என்னிடம் மெதுவாகக் கேட்டான். "மொதலாளி, இவுங்க வேற சாமியா?"

"இல்லடா, அதே இயேசுதான்."

"அப்புறம் என்னா பிரச்சன?"

சூளைக்கு விறகு சொல்லியாயிற்றா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

இன்று சபைக்குழு கூடியது. குழுவில் நானும் ஓர் ஆள். கோயிலில் கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று சபைக்கு அறிவிக்க வேண்டும். அதற்கு இரண்டு பேரும் ஞானஸ்நானம் பெற்றவர்களாக இருக்க வேண்டும். மார்மன் ஞானஸ்நானம் செல்லுமா, செல்லாதா? இதுதான் கேள்வி.

பொருளாளர் நடராசன் எழுந்தார். "கலியமூர்த்தின்னு பேரு வச்சிக்கிட்டு கிறிஸ்தவன்னா எப்படி?"

"ஒங்க பேரு மட்டும் என்னா, எபிரெயப் பேரா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அது கெடக்கட்டும். சபைப் பேருல கிறிஸ்து இருந்தா மட்டும் ஆச்சா?"

அங்கேதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "சுக்குக் காபியில காபி இருக்குதா? இருந்தும் ஊரே காபின்னுதான சொல்லுது?"

"அதத்தான்யா நானும் சொல்றேன்! பேருதான் காபி, உள்ள காபி இல்ல!"

இந்தத் தடவை சிரிப்பு அவர் பக்கம்.

கடைசியில் ஆயர் முடித்தார். "அந்தப் பையன் கிறிஸ்தவனா இல்லையான்னு தீர்ப்புச் சொல்ற எடத்துல நான் இல்ல. அது அவனுக்கும் ஆண்டவருக்கும். ஆனா அவங்க ஞானஸ்நானத்த நம்ம சபைச் சட்டம் ஏத்துக்கல. அவன் இங்க ஞானஸ்நானம் எடுத்தா, அடுத்த ஞாயிறே ஓலை வாசிக்கிறேன்."

வீட்டுக்கு வந்து அன்புவுக்குப் போன் போட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மன்னிச்சிக்கங்க மாமா, நான் எட்டு வயசுலயே எடுத்தாச்சு. திரும்ப எடுத்தா அன்னக்கி சொன்னது பொய்யின்னு ஆயிடும்" என்றான்.

"சரி, எங்க இனியா ஒங்க சபைக்கு வந்தா?"

"அங்க... எடுக்கணும் மாமா."

"அப்ப நாங்க கிறிஸ்தவங்க இல்லியா?"

"ஐயோ, யாரு சொன்னது? கிறிஸ்தவங்கதான். ஞானஸ்நானம் மட்டும்தான் எங்க சபையில..."

"அதையேதாண்டா எங்க ஆயரும் சொல்றாரு!"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எவ்வளவு நேரம் சிரித்தோம் என்று தெரியாது. சொர்ணம் எட்டிப் பார்த்து, "என்னாங்க, சரின்னுட்டாங்களா?" என்றாள். "இல்ல, முடியாதுன்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தேன்.

18 பிப்ரவரி, செவ்வாய்

சிரித்து என்ன? கோயிலில் கல்யாணம் இல்லை. அந்தப் பீடத்துக்கு முன்னால்தான் நானும் சொர்ணமும் மாலை மாற்றினோம். இனியாவுக்கு அங்கேதான் ஞானஸ்நானம். அவள் வெள்ளைப் புடவையில் அந்தக் கதவு வழியாக நடந்து வருவதை எத்தனை தடவை மனசுக்குள் பார்த்திருப்பேன்!

இனியா போனில் அழவில்லை. "ஓலை வாசிக்காட்டி போவட்டும்ப்பா. அவரு மாற வேணாம், நானும் மாறல. நீங்க சரின்னு சொல்லுங்க. நீங்க இல்லாம மட்டும் என்னால முடியாது."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

19 பிப்ரவரி, புதன்

காலையில் முதல் வேலையாக அவளைக் கூப்பிட்டேன். "சரிம்மா" என்றேன். அந்தப் பக்கம் ஒரே அழுகை. நேற்று அழாத பெண்.

எனக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது. ரொம்பப் பிடித்திருக்கிறது. பசித்த வயிற்றோடு என் வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தானே, அன்றைக்கே பிடித்துவிட்டது. இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

5 மார்ச், புதன்

லெந்து ஆரம்பம். டீக்கடையில் "என்ன அண்ணாச்சி, இந்த வருஷமும் கறி கெடயாதா?" என்று கேட்டார்கள். மழை வருமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

15 மே, வியாழன்

கல்யாணம்!

காலையில் ரிஜிஸ்டர் ஆபீஸ், பிறகு ஜங்ஷன் ரோட்டு மண்டபம். இனியா வெள்ளைப் புடவைதான். மண்டபத்துக் கதவு வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது, சொர்ணம்தான் என்னை ஓர் இடத்தில் உட்கார வைத்தாள்.

ஆயர் வருவாரா மாட்டாரா என்று கடைசி வரை தெரியாது. வந்தார். அங்கி இல்லை. மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் மாதிரியே வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேண்ட்டும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதைப் பார்த்த கொளஞ்சி என் காதருகே, "ஆயரும் அந்தப் பக்கம் போயிட்டாரா மொதலாளி?" என்றான். ஆயருக்குக் கேட்டுவிட்டது. வாய்விட்டுச் சிரித்தார்.

சம்பந்தி கலியமூர்த்தி ஜெபம் செய்தார். எங்கள் பக்கம் கைகூப்பியும் அவர்கள் பக்கம் கை கட்டியும் நின்றோம். என் தங்கையின் பேத்தி முதலில் கூப்பிப் பார்த்தாள், பிறகு கட்டிப் பார்த்தாள், கடைசியில் ஒரு கையைக் கட்டி ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "இயேசு கிறிஸ்துவின் நாமத்தினாலே" என்று சம்பந்தி முடித்ததும், மண்டபத்திலேயே சத்தமான ஆமென் எங்கள் ஆயருடையதுதான். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன், அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவர்களுக்கெல்லாம் என் சூளையில் வெந்த கப்பில் சுக்குக் காபி. கப்பை அவரவர் வீட்டுக்கே எடுத்துப்போகச் சொன்னோம். நடராசன் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். "காபி பிரமாதம்யா தங்கதுரை" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டேன், எனக்கு அது போதும்.

6 ஜூலை, ஞாயிறு

மாசத்தின் முதல் ஞாயிறு. எழுந்ததும், "வயிறு சரியில்ல, டீ வேணாம்" என்று சொர்ணத்திடம் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு, பாலும் திரிஞ்சி போச்சுங்க" என்றாள்.

கோயிலுக்குப் போய் வந்தோம். மத்தியானம் அவளுக்குத் தலைவலி என்று அடுப்பு பற்றவைக்கவில்லை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் முகம் கழுவி, தலை சீவி, தெம்பாக இருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தேன். பழக்க தோஷத்தில் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டேன். பால் பாக்கெட் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

மெதுவாக மூடிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வயிறு எப்படி இருக்குது?" என்றாள்.

"பரவால்ல. ஒனக்குத் தலவலி?"

"கொறைஞ்சிருக்குது."

ஆறு மணிக்கு இனியா போன். "சாப்புட்டீங்களாப்பா?" "ஓ, ஆச்சும்மா. நீங்க?" "இனிமேதான்ப்பா. அவரு இப்பத்தான் ஜெபம் முடிச்சாரு."

போனை வைத்ததும் சொர்ணம் எழுந்து அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அன்பு கைப்பிடி ஒட்டிய அந்தக் கோணல் கப்புகளில் ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. திரிந்த பாலில் போட்ட டீ. இவ்வளவு நல்ல டீயை நான் குடித்ததே இல்லை.