நான்கு விநாடி

5 மார்ச் 2019, செவ்வாய்.
ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் தாமதம் நீங்கவில்லை. முகவரியைத் தட்டினால் விடை வர இன்றும் நான்கு விநாடி. சக நிரலாளர் ஊல்கானின் நிரலே காரணம் என்று பிப்ரவரி 4 அன்று அறிக்கை எழுதிக் கையொப்பமிட்டவன் நான். 11 அன்று அவளை நீக்கினார்கள். அவள் நிரலையும் மாற்றியாயிற்று. பின் யார்?

6 மார்ச், புதன்.
கெர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் உட்கருவுக்கு, நிரல்கள் விடுக்கும் ‘சிஸ்டம் கால்’ அழைப்புகளை மீண்டும் தடம் பிடித்தேன். இம்முறை எல்லா நிரல்களிலும். பிப்ரவரியில் அவளுடையதை மட்டுமே பார்த்தேன். அதில் தரவு படிக்கும் ஒரு ‘ரீட்’ அழைப்பு நான்கு விநாடி நின்றது உண்மை. எதற்காக நின்றது? நான் எழுதிய முகவரிப் பதிவேட்டு நிரலின் விடைக்காக. என் நிரலோ, ஒவ்வொரு பதிவின் தேதியும் நேரமும் வன்வட்டில் பதிந்தது உறுதியான பின்னரே விடை தரும். அந்த வரியை நவம்பர் 19 அன்று நானே சேர்த்தேன்.
காத்திருந்தவள் மீது பழி எழுதியிருக்கிறேன்.

8 மார்ச், வெள்ளி. மகளிர் தின விடுமுறை.
மைய இயக்குநர் தலந்த்பெக்கிடம் தொலைபேசியில் சொன்னேன். வயதை மதித்து என்னை ‘அக்சகால்’ என்பவர். “அக்சகால், பண்டிகை நாள்ல இதையா பேசுவாங்க? அந்த வரியைத் தூக்கிடுங்க. யாரு கேக்கப் போறா?”
தூக்கினேன். விடை உடனே வருகிறது. எவரும் கேட்கவில்லை.

11 மார்ச், திங்கள்.
ஊல்கானுக்குக் கடிதம். இரண்டு காற்புள்ளிகள் திருத்தினேன்.

14 மார்ச், வியாழன்.
மீண்டும் திருத்தினேன். அனுப்பவில்லை.

18 மார்ச், திங்கள்.
இன்று தொலைபேசியில் அழைத்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, வழக்கம்போல ‘அகாய்’, ஐயா, என்று விளித்துச் சொன்னாள்: “ஓஷ் நகர ஆஸ்பத்திரில வேலை கிடைக்கிற மாதிரி இருந்துச்சு, அகாய். உங்க அறிக்கை தப்புன்னு ஒரு காகிதம் கேட்டாங்க. போன வெள்ளிக்கிழமை வரைக்கும் டயம் குடுத்தாங்க.”
வெள்ளி, 15. எனக்குத் தெரிந்தது 6. ஒன்பது நாள் கையில இருந்துச்சே — காற்புள்ளி பார்த்துக்கிட்டா உக்காந்திருந்தே, கிழவா?

20 மார்ச், புதன்.
திருத்திய அறிக்கைக்கு முத்திரை வாங்கினேன். “உங்க வேலைக்கு நீங்களே குழி தோண்டுறீங்க,” என்றார் தலந்த்பெக்.

23 மார்ச், சனி.
மேற்குப் பேருந்து நிலையம். ஊல்கான் எல்லை தாண்டி நோவோசிபிர்ஸ்க் நகரில் அண்ணனின் கிடங்கில் வேலைக்குச் செல்கிறாள். அறிக்கையை நின்றபடியே முழுதும் படித்தாள். “பெட்டி தூக்குறதுக்கு இதை யாரும் கேக்க மாட்டாங்க, அகாய். நீங்களே வச்சுக்குங்க.” பிறகு பையிலிருந்து நான்கைந்து போர்சோக்குகளை, பொரித்த ரொட்டித் துண்டுகளை, அள்ளி அதன் மேலேயே வைத்தாள். “காலைல பொரிச்சது. ரொட்டிய வேண்டாம்னு சொல்லக் கூடாது.”
முத்திரையின் மேல் எண்ணெய் படிந்துவிட்டது. புதிய பிரதி எடுக்கவில்லை.