ஏகமனதாக, என்னைத் தவிர

மார்ச் 3
என் கை மேலே இருக்கும்போதே "தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது" என்று மாநாட்டில் அறிவித்தார் செயலாளர். இனி வேட்பாளர்களைத் தலைமையே முடிவு செய்யுமாம். கிளைகளில் வாக்கெடுப்பு கிடையாதாம். எதிர்த்தது நான் ஒருவன்தான். அதனால் என்ன? எதிர்ப்புகளை எண்ணி அறிவிக்க வேண்டும் என்பது கட்சி விதி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். அந்த விதிகளை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் வாசிக்கவே கற்றேன். செயலாளர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தாளைப் பார்த்தார். கைதட்டல்.

மார்ச் 4
தோள் வலி. "எவ்வளவு நேரம் தூக்கி வெச்சிருந்தீங்க?" என்றாள் மனைவி.
"எண்ணுற வரைக்கும்னு நெனச்சேன்."
"அப்போ இன்னும் எறக்கியிருக்கக் கூடாதே."

மார்ச் 6
மச்சினன் வந்தான். போட்டிக் கட்சிக்காரன். "உங்க கட்சியோட அந்த ஆடுற நாற்காலியில இன்னும் எத்தனை வருஷம் அத்தான்? ஞாயித்துக்கிழமை எங்க மாநாட்டுக்கு வாங்க. பிடிச்சுதுன்னா அங்கேயே சேர்ந்துடுங்க."
துரத்தியிருக்க வேண்டும். வருகிறேன் என்றேன். விலகிவிடலாம் என்று பாதி மனசு.

மார்ச் 10
சொன்ன நேரத்தில் தொடங்கினார்கள். கழிப்பறையில் சோப்புகூட இருந்தது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். எங்களுக்கு முதல் ஒரு மணி நேரம் நிகழ்ச்சி நிரல் சண்டையிலேயே போகும். மைக் கரகரக்கும். ஒருவன் "உட்காருய்யா" என்பான், நாலு பேர் "பேசட்டும்" என்பார்கள். இங்கே மெத்தை நாற்காலி, குளிர்ச்சி, எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை. யாரும் குறுக்கே பேசவில்லை. திரையில் கைதட்டும் படம் வந்தால் கூட்டம் தட்டுகிறது.
பேருந்துக் கட்டணத்தை உயர்த்தச் சொல்லி ஒரு தீர்மானம். பழக்க தோஷம், விருந்தாளி என்பதை மறந்து எதிர்த்துக் கை தூக்கிவிட்டேன். தொண்டர் அம்மா ஒருவர் குனிந்தபடி ஓடி வந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.
"தண்ணி வேணாம்மா. நான் எதிர்க்கிறேன்."
"கூலிங் இல்லாதது தரட்டுமா ஐயா?"
மச்சினன் என் சட்டையை இழுத்தான். "இங்க கை தூக்கினா தண்ணி கேக்குறீங்கன்னு அர்த்தம் அத்தான். மானத்த வாங்காதீங்க."
கேலி இல்லை. அங்கே நடைமுறையே அதுதான்.

மார்ச் 11
அந்த அம்மாவிடம் என்ன கோபப்பட முடியும்? என் கை எதற்கு என்றே அவருக்குத் தெரியவில்லை. எங்கள் செயலாளருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் குனிந்தார். தெரிந்தவனிடம் சண்டை போடலாம்.

மார்ச் 12
செயலாளரைத் தொலைபேசியில் பிடித்தேன்.
"ஒரே ஒரு கைதானே அண்ணே. விட்டுடுங்களேன்."
"அப்போ பாத்திருக்க."
"கூட்டத்துல பேசிக்கலாம்ணே" என்றார்.

மார்ச் 13
வரும் ஞாயிறு கிளைக் கூட்டம். செயலாளர் எழுந்து நின்று "எதிர்ப்பு ஒன்று" என்று திருத்திச் சொல்ல வேண்டும். கிளைத் தலைவி வாக்கெடுப்பு விஷயத்தை மறுபடி நிரலில் சேர்க்க வேண்டும். அன்று எங்கள் மாநாட்டில் என் பக்கத்தில் இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டிருந்த தச்சர், இந்த முறை ஒன்றையாவது வெளியே எடுக்க வேண்டும். நான் சேரப்போவதில்லை என்று மச்சினனிடம் மனைவி சொல்ல வேண்டும். நான் சொன்னால் வார்த்தை தடிக்கும்.
நான் நேரத்தோடு போய் அறையைத் திறந்து, பெருக்கி, நாற்காலி போட வேண்டும். செயலாளருக்கும் ஒன்று.