பர்தா வண்டியில முன்னாடி சீட்டு

ஆம்பூர்
1933 பிப்ரவரி

என் தோஸ்த் தேவகிருபைக்கு, ஷஹீன் பானு சலாம் சொல்லி எழுதறது.

நர்ஸம்மா போகலடீ, இங்கயே இருக்கப் போறாங்க, அதுமட்டுமில்ல இன்னொரு நர்ஸும் வேணுமாம், அதச் சொல்லத்தான் அடுப்புல சோத்த வச்சிட்டு ஓடிவந்து எழுதறேன்! மளிகை கட்டி வர்ற பேப்பரப் பாத்துக் கத்துக்கிட்ட தமிழு. தப்பிருந்தா சிரிக்காத.

நீங்க ஜோலார்பேட்டைக்குப் போனப்புறம் வேலூர்லேர்ந்து வந்தவங்க இந்த ஜெயபுஷ்பம் நர்ஸம்மா. வீட்டுக்கே வந்து பிரசவம் பாப்பாங்க. தோல் பதனிடற ஷாப் மொதலாளி லியாகத் அலி சாயபு அவங்களுக்கு ஒரு ஜட்கா குடுத்தார். மரியாதையா இருக்கட்டும்னு சுத்திப் பர்தாவும் கட்டிக் குடுத்தார். எங்க தெருப் பொம்பளைங்க பேசற உருது அவங்களுக்குப் புரியாது. அதனால நானும் கூடப் போய்த் தமிழ்ல சொல்வேன். பர்தா இருக்கவே அப்பாஜான் தடுக்கல. அவங்க கை கழுவற அழகயே நாளெல்லாம் பாத்துக்கிட்டு இருக்கலாம்டீ.

ஆனா ஷாப்புல வேல செய்றவங்க தெருவுலேர்ந்து ஒருத்தரும் கூப்பிடல. அவங்களுக்குன்னுதான் நர்ஸையே வச்சது. யாரும் கூப்பிடலன்னா எதுக்குன்னு, நர்ஸுக்குச் சம்பளம் குடுக்கற கமிட்டிக்காரங்க நிறுத்தப் பாத்தாங்க. நர்ஸம்மாவும் மனசு விட்டுப்போய், என்ன நம்பாத ஊர்ல எனக்கு இன்னா வேலன்னு பெட்டி கட்டிட்டாங்க. தோல் நாத்தம் தாங்காமப் போறாங்கன்னு நெனச்சு எங்க அம்மி அத்தர் குடுத்தனுப்பிச்சு. அதப் பாத்துத் தெருவே அனுப்பிச்சு. பெட்டியத் தொறந்தா நமக்குத் தும்மல் வரும்.

போன வாரம் பால் ஊத்தற ரங்கம்மா வந்து அழுதுச்சு. அது பொண்ணு செல்லம்மாளுக்குக் காலைலேர்ந்து வலியாம், கொழந்த கால் முன்னாடி திரும்பி இருக்காம். ஷாப்புல வேல செய்ற மருமகன் மூர்த்தி நர்ஸுக்காக ரோட்டுலயே நிக்கறானாம், பர்தா கட்டின கோஷா வண்டிதான் போவுது, வருதாம், நர்ஸக் காணமாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்த வண்டிக்குள்ளதானடீ நாங்க ரெண்டு பேரும் போனோம், வந்தோம்!

உடனே ஜட்காக்கார சத்தார் சாச்சாவ வண்டிய அங்க ஓட்டச் சொன்னோம். மூர்த்தி அங்கயேதான் நின்னான், தோல் ஊறப்போடற சுண்ணாம்புக் குழிலேர்ந்து வந்த வெள்ளக் காலோட. வண்டியப் பாத்ததும் வழக்கம்போல செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். நர்ஸம்மா பர்தாவ வெலக்கி, ஏம்ப்பா என்னக் கூப்பிடலன்னு கேட்டாங்க. அவன் திரும்பாமயே சொன்னான்: "கோஷா வண்டிய எப்படிம்மா நிறுத்தறது? பாத்தாலே தப்பாச்சே."

நம்பாம இல்லடீ. மரியாதைக்கு மொகத்தத் திருப்பிக்கிட்டு நின்னிருக்காங்க, அந்தத் தெருவே.

செல்லம்மா பொழச்சிட்டா. பொண் கொழந்த. கத்தற கத்து உங்க ஊர் ரயிலுக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் நர்ஸம்மா முன்பக்கத்துப் பர்தாவ அவுத்துட்டு, சாச்சா பக்கத்துலயே ஏறி ஒக்காந்துட்டாங்க. பாவம் சாச்சா, வெக்கத்துல ஒரு காலத் தொங்கவிட்டு ஓரமா ஓட்டறார். லியாகத் சாயபு வண்டியச் சுத்தி வந்து பாத்தார். அப்புறம், பின்னாடி பர்தா இருக்கட்டும், அந்தப் பொண்ணு ஷஹீன் வருதேன்னார். இப்போ தெருவுக்குத் தெரு வண்டிய நிறுத்தறாங்க. ஒரு ஆளால முடியல. அதான் இன்னொருத்தர் வேணும்னு கமிட்டியே கேக்குது. வேலூர்ல படிக்க வச்சு இங்கயே வேல.

நான் போறேன்னு கேட்டுப் பாத்தேன். அப்பாஜான் வெத்தல மென்னுக்கிட்டே இருந்தார். அத விடு. எனக்கு வண்டியில பின்னாடி எடம் இருக்கு.

நீதான் எட்டாவது பாஸ் பண்ணிட்டுச் சும்மா இருக்கியே. ஞாயித்துக்கெழம உங்க சர்ச்சுக் கோயில் விட்டதும் பொண்ணுங்களையெல்லாம் கூட்டி இத சத்தமாப் படிச்சுக் காட்டு. யார் வந்தாலும் சரி. ஆனா நீ வாடீ. முன்னாடி சீட்டுல நீ ஒக்காந்தா, பர்தாவுக்குள்ளேர்ந்து உன் முதுகக் கிள்ளிக்கிட்டே வருவேன். அல்லா உன் அப்பா மனச எளக்கட்டும். பதில் போடு.

உன்
ஷஹீன்