வேலிக்கு அங்காலை எறிஞ்ச காட்டுப்பருத்தி

பிள்ளையார் துணை
மாங்குளம்

அன்பு மகன் லக்ஷனுக்கு,

நானும் அம்மாவும் சுகமாய் இருக்கிறம், உன்ரை சுகத்துக்கு அம்மா வெள்ளிக்கு வெள்ளி விளக்கு வைக்கிறா. போனிலை சொன்னால் நீ குறுக்கை கத்துவாய் எண்டுதான் கடிதம் எழுதுறன், முழுக்க வாசிச்சுப்போட்டுக் கோபப்படு.

நாங்கள் அனுப்பின படத்திலை அம்மாவுக்குப் பின்னாலை நிக்கிற செடி பருத்திக்குச் சொந்தமாம், காட்டுப்பருத்தியாம், அதின்ரை விதை கிடைக்காட்டி உன்ரை ஆராய்ச்சி அரைவாசியிலை நிண்டிடும், கம்பசிலை இருந்து ஆக்கள் வருவினம் எண்டு சொன்னாயல்லோ. பெரிய ஆக்கள் வரேக்கை காணியைப் பத்தையாய் விடலாமே? முதல்நாள் வேலிக்கரை முழுக்கத் துப்பரவாக்கி, குரோட்டன் சாடியைக் கழுவி வாசலிலை வைச்சன். அரிய செடி அதுதான் எண்டு நினைச்சன், வருசா வருசம் நான் வெட்டி எறியிற மஞ்சள் பூப் பத்தை எண்டு ஆர் கண்டது? அம்மா மூண்டுதரம் மறிச்சவா, பேசாமல் போய்த் தேத்தண்ணி வை எண்டது நான்தான். கம்பசிலை இருந்து பிரஷாந்தினி எண்ட பிள்ளை வந்து குரோட்டனைப் பார்த்தா, வேலியைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. ஐயோ, அந்தப் பார்வை!

அங்காலைக் காணி விமலேஸ்வரியோடை எங்களுக்கு எட்டு வருசமாய்க் கதை பேச்சு இல்லை, என்ரை மாடு அவவின்ரை பயறை மேய்ஞ்சதுக்கு நான் மன்னிப்புக் கேட்கேல்லை. வேலிக் குப்பையை மட்டும் தவறாமல் அங்காலை எறிவன். அப்பிடி விழுந்த காயெல்லாம் முளைச்சு அவவின்ரை பக்கம் வரிசையாய்ப் பூத்துக் காய்ச்சு நிக்குதாம், அந்தப் பிள்ளைதான் எட்டிப் பார்த்துச் சொன்னா. வேறை வழி? சட்டையைப் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளையோடை அவவின்ரை வீட்டை போனன். அவா என்னைப் பார்க்காமல் பிரஷாந்தினிக்குச் சொன்னா, அண்ணை தன்ரை குப்பையைத் தேடி வந்திருக்கிறார், வேண்டினதை எடுங்கோ பிள்ளை எண்டு. பயறுக்கு அப்பத்தான் மன்னிப்புக் கேட்டன். அவா உள்ளை போய் எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தா, எனக்கு மட்டும் சீனி இல்லை. அவவின்ரை கோபம் இன்னும் தீரேல்லை எண்டு வீட்டை வந்து சொன்னன், அம்மா தலையிலை அடிச்சுக்கொண்டா, உங்களுக்குச் சீனி வருத்தம், டொக்டர் சீனியை மறிச்சது அவாவுக்குத் தெரியுமப்பா எண்டு.

விதை ஒரு பை நிறையக் கொண்டுபோச்சினம். கடையிலை சாப்பிட்டு வயித்தைக் கெடுக்காதை, குளிருக்குக் காதை மூடு, பிள்ளையார் உன்னைக் காப்பார். ஆராய்ச்சிப் புத்தகத்திலை விதை தந்தவ விமலேஸ்வரி எண்டு மறக்காமல் போடு. என்ரை பேரைப் போடாதை, எறிஞ்சவனுக்கு ஆரும் நன்றி சொல்லுறேல்லை.

அன்புள்ள அப்பா,
கனகலிங்கம்