நார்மல் ரத்தம்

அன்புள்ள ஜலஜா,

ஃபோனில் உன் குரலைக் கேட்கத் தைரியமில்லை. உன் அண்ணாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட, ஆய்வகத்தில் ஆரோக்கியமான ரத்தம் ஒன்று வேண்டும். போன வாரம் நம் பிள்ளையினுடையதைத்தான் 'நார்மல்' என்று எடுத்துப் போனேன். கிருமியை நோக்கி ஊர்ந்து போக, வெள்ளணுவுக்குள் இருக்கும் நார்ச் சட்டகம் பின்னால் கலைந்து முன்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அவனுடைய அணுக்கள் அசையவே இல்லை. நான் விட்ட சாயம் கெட்டு அணுக்களை முடக்கிவிட்டது என்று ஸ்லைடைத் தூக்கி எறிந்தேன்.

இன்று அதே சாயத்தில் என் அணுக்கள் ஊர்ந்தன.

நாளைக் காலை பெஹாலாவுக்கு, உன் அண்ணா வீட்டுக்கு வருகிறேன். அவனை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஸ்லைடை எறிந்த அன்று சாயங்காலம், "தெருவில விக்கிற புச்காவைத் தின்னக் கொடுத்தா மாசாமாசம் சீழ்க்கட்டி வராம என்ன செய்யும்?" என்று கத்தினேன். "அவன் உடம்புலயே ஏதோ கோளாறு, கொஞ்சம் பாருங்கோளேன்" என்று அழுதுகொண்டே அவனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய்.

பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருந்தேன்.

அவனுடைய அப்பா